பச்சை டிக் போட்டதால் வந்த வினை

திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு ஜப்பானிய மொழியில் இணையதளம் செய்து கொடுத்தோம். தர அறிக்கைப் பக்கத்தில் சாயம் போகாமை, சுருக்கம், தையல் உறுதி என்று ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே அழகாக ஒரு பச்சை டிக். மறுவாரம் ஒசாகாவிலுள்ள அவர்களது வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: "எல்லாச் சோதனையிலும் குறை என்று காட்டியிருக்கிறீர்களே, சரிசெய்துவிட்டீர்களா?"

முதலில் மொழிபெயர்ப்பாளரைத்தான் சந்தேகப்பட்டேன். பாவம், அவர்மேல் ஒரு பிழையும் இல்லை. ஜப்பானியப் பள்ளிகளில் சரியான விடைக்கு ஆசிரியர் வட்டம் போடுவார். தவறான விடைக்குத்தான் டிக் அல்லது பெருக்கல் குறி. மிக நன்று என்றால் இரட்டை வட்டம், சுமார் என்றால் முக்கோணம். நம் ஊர் விடைத்தாளில் வட்டம் என்றால் முட்டை; வீட்டில் மறைக்க வேண்டிய சமாச்சாரம். பிளேஸ்டேஷன் விளையாடியவர்களுக்கு இது புரியும். ஜப்பானில் பல்லாண்டுகளாக வட்டப் பொத்தான் 'சரி', பெருக்கல் பொத்தான் 'வேண்டாம்'. மேற்கு நாடுகளில் பெரும்பாலும் தலைகீழ். 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் ஜப்பானிலும் பெருக்கலையே 'சரி' ஆக்கினார்கள்.

டிக்கை வட்டமாக்குவது பத்து நிமிட வேலை. பாடாய்ப் படுத்தியது முகப்புப் பக்கம். பெரிய புகைப்படம், ஒரே ஒரு வரி, சுற்றிலும் வெள்ளை. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்களோ தொடங்கிய ஆண்டு, மூலதனம், ஊழியர் எண்ணிக்கை, தலைவர் பெயர், முகவரி எல்லாம் எங்கே என்று கேட்டார்கள். அங்கே நிறுவனத் தளம் என்றால் இந்த விவரங்களை அட்டவணையாகப் போடுவது வழக்கம். நாங்கள் சுத்தம் என்று நினைத்தது அவர்களுக்கு வெறுமையாகத் தெரிந்திருக்கிறது.

ஜப்பானின் இணைய விற்பனைத் தளமான ராகுட்டெனின் முகப்பைப் பார்த்து "சந்தைக்கடை" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த எழுத்தின் இயல்பை அப்போது யோசிக்கவில்லை. ஜப்பானிய மொழியில் ஆங்கிலம்போல் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் விடுவதில்லை. ஒன்றை எடுத்துக்காட்ட நிறமும் அளவும் கட்டமும்தான் கைகொடுக்கும். கணினிக்கான பழைய அடிப்படை எழுத்துக் குறியீட்டுத் தரத்திலேயே, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் 6,355. எழுத்துருக் கோப்பின் கனத்துக்குப் பயந்து, தலைப்புகளைப் படமாகவே போட்டுவந்தார்கள். தமிழுக்கும் பெரிய எழுத்து கிடையாது. ஆனாலும் ஆங்கில அளவுக்கு வெட்டிய பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்பதைத் திணித்து, அது இரண்டாக உடைவதை நாம் தினமும் பார்க்கிறோம்.

பங்குச்சந்தைப் பக்கம் வடிவமைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நமக்கு விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. ஷாங்காயிலும் தைபேயிலும் ஏற்றம் சிவப்பு, இறக்கம் பச்சை. தென்கொரியாவில் இறக்கத்துக்கு நீலம்.

இப்போதெல்லாம் வேலை தொடங்குமுன், வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் தாளில் பயன்படுத்தும் படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். ஒசாகாக்காரர்களின் பரிசோதனைப் படிவத்தில் வட்டம், முக்கோணம், பெருக்கல் மூன்றும் அச்சிடப்பட்டே இருந்தன. திருப்பூர் அலுவலகக் கோப்பில் அது மூன்று வருடமாக இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.