அளவை மாற்றினால் தானே மாறும் துளை: ரெவிட்டில் ஸ்லாப் கட்-அவுட்

கட்டடங்களை மாடலாக வரையும் மென்பொருளான ரெவிட்டில், ஸ்லாப்பில் (மாடித் தளத்தில்) துளை போடுவது நொடி வேலை. ஸ்லாப்பைத் தேர்ந்தெடுத்து எடிட் பவுண்டரிக்குள் போய், எல்லைக்கோட்டுக்கு உள்ளே ஒரு செவ்வகம் வரைந்து பச்சை டிக்கை அழுத்தினால் முடிந்தது. தலைவலி பிறகுதான் வரும். ஏசி டக்டின் அகலம் 600-லிருந்து 750 மி.மீ. ஆகிவிட்டது என்று தகவல் வந்தால், மாடி மாடியாக ஸ்கெட்சைத் திறந்து கோட்டை இழுக்க வேண்டும். அந்தச் செவ்வகம் நான்கு கோடுகள், அவ்வளவுதான். அதற்குப் பெயர் கிடையாது, செட்யூலிலும் (ரெவிட் தரும் பட்டியலிலும்) வராது. எந்த டக்டுக்காகப் போட்டோம் என்பதும் மூன்று மாதத்தில் மறந்துவிடும்.

லிஃப்ட், படிக்கட்டு போலப் பல மாடிகளை ஒரே நேர்க்கோட்டில் துளைப்பவற்றுக்கு ஷாஃப்ட் ஓப்பனிங் போதும். ஒரு முறை வரைந்து அடிமட்ட லெவலையும் மேல்மட்ட லெவலையும் கொடுத்தால், இடையில் உள்ள எல்லா ஸ்லாப்பையும் வெட்டிவிடும். இதில் ஒரு கண்ணி உண்டு. ஸ்லாப்பின் மேல்முகம்தான் லெவலில் இருக்கும், தடிமன் அதற்குக் கீழே தொங்கும். ஆகவே பேஸ் ஆஃப்செட்டை (அடிமட்ட லெவலிலிருந்து உள்ள தூரத்தை) 0 என்று விட்டால் அடிமட்ட லெவலின் ஸ்லாப் வெட்டப்படாமல் தப்பிவிடும். 150 மி.மீ. ஸ்லாப்புக்கு −200 கொடுத்தால் சரியாக வரும். எதற்கும் இருக்கட்டும் என்று −1000 கொடுத்தால் கீழ்மாடியின் ஃபால்ஸ் சீலிங்கும் சேர்ந்து ஓட்டையாகும். ஷாஃப்ட் சீலிங்கையும் வெட்டும்.

டக்ட், குழாய், கேபிள் ட்ரே போல இடத்துக்கு இடம் அளவு மாறும் துளைகளுக்கு இரண்டும் ஒத்துவராது. அதற்கு வழி ஃபேஸ்-பேஸ்டு ஃபேமிலி, அதாவது ஒரு முகத்தின் மேல் உட்காரும், ஒரு முறை செய்து பல இடங்களில் வைக்கக்கூடிய பொருள். மெட்ரிக் ஜெனரிக் மாடல் ஃபேஸ்-பேஸ்டு டெம்ப்ளேட்டைத் திறந்தால் ஒரு மாதிரி ஸ்லாப்பும், நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ரெஃபரன்ஸ் பிளேனும் (அளவுகளுக்கு ஆதாரமான வழிகாட்டித் தளங்கள்) இருக்கும். இடம், வலம், முன், பின் என இன்னும் நான்கு பிளேன்களை வரையுங்கள். இடம்–நடு–வலம் மூன்றுக்கும் சேர்த்து ஒரு டைமென்ஷன் போட்டு, இடைவெளிகளைச் சமமாக்கும் ஈக்யூவை அழுத்துங்கள். அப்புறம் இடத்திலிருந்து வலத்துக்குத் தனியாக ஒரு டைமென்ஷன் போட்டு, அதற்கு 'அகலம்' என்று லேபிள் கொடுங்கள். முன்–பின் திசையில் இதே வேலையை 'நீளம்' என்ற பெயரில் செய்யுங்கள். இரண்டையும் இன்ஸ்டன்ஸ் பாராமீட்டராக வைத்தால்தான் ஒவ்வொரு துளைக்கும் தனி அளவு கொடுக்கலாம், பிராஜெக்டில் அம்புக்குறியைப் பிடித்தும் இழுக்கலாம். டைப் பாராமீட்டராக வைத்தால் ஒன்றை மாற்றும்போது அந்த டைப்பில் உள்ள அத்தனையும் மாறும்.

இப்போது வாய்டு எக்ஸ்ட்ரூஷன், அதாவது ஸ்லாப்பை வெட்டி எடுக்கும் வெற்று வடிவம். ஒரு செவ்வகம் வரைந்து, அதன் நான்கு பக்கங்களையும் அலைன் கருவியால் நான்கு பிளேன்களோடு சேர்த்துப் பூட்டுங்கள். அளவு பிளேனில் உட்கார வேண்டும், வாய்டு பிளேனைப் பின்தொடர வேண்டும். வாய்டின் கோட்டிலேயே அளவைப் போடுகிறவர்களுக்குத்தான் ஃபேமிலி அடிக்கடி உடைகிறது. ஆழத்துக்கு எலிவேஷனில் (பக்கவாட்டுத் தோற்றத்தில்) ஸ்லாப் முகத்துக்குக் கீழே ஒரு பிளேன் வரைந்து, 'ஆழம்' 500 என்று லேபிள் கொடுத்து, வாய்டின் அடிமுகத்தை அதோடு பூட்டுங்கள். கடைசியாக கட் கருவியை எடுத்து மாதிரி ஸ்லாப்பையும் வாய்டையும் கிளிக் செய்யுங்கள். இதை மறந்தால் ஃபேமிலி பிராஜெக்டுக்குள் போய் உட்காரும், ஆனால் எதையும் வெட்டாது.

150 மி.மீ. ஸ்லாப்புக்கு 500 ஆழம் எதற்கு என்று தோன்றலாம். ஃபேஸ்-பேஸ்டு வாய்டு தான் உட்கார்ந்திருக்கும் ஸ்லாப்பை மட்டுமே தானாக வெட்டும், கீழே இருக்கும் பீமைத் தொடாது. எனவே ஆழம் கூடினால் நஷ்டமில்லை, குறைந்தால்தான் வம்பு. சரியாக 150 என்று வைத்த பிறகு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஸ்லாப்பை 200 ஆக்கினால், அடியில் 50 மி.மீ. கான்கிரீட் மிச்சமிருக்கும். பிளானில் துளை துளையாகவே தெரியும் என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பிராஜெக்டில் ஏற்றுவதற்கு முன் ஃபேமிலி டைப்ஸ் பெட்டியில் அகலத்தை 300, 1500 என்று மாற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கம் பின்தங்கினால் அங்கே பூட்டு விழவில்லை என்று பொருள். வாய்டு மட்டுமே உள்ள ஃபேமிலியைத் திரையில் பிடிப்பது பெரும்பாடு. மேல்முகத்தில் குறுக்காக இரண்டு சிம்பாலிக் கோடுகளைப் போட்டு அவற்றையும் மூலைகளில் பூட்டிவிட்டால், பிளானில் கட்-அவுட் குறியாகவும் இருக்கும், தேர்ந்தெடுக்கவும் வசதி.

அடுத்தது ஃபார்முலா. டக்டின் அகலம், இன்சுலேஷன், இடைவெளி என மூன்று பாராமீட்டர்களைச் சேர்த்து, துளையின் அகலம் = டக்ட் + 2 × (இன்சுலேஷன் + இடைவெளி) என்று எழுதலாம். டக்ட் 600, இன்சுலேஷன் 25, இடைவெளி 40 என்றால் 730 வரும். சைட்டில் 730-க்கு ஷட்டரிங் அடிக்கச் சொன்னால் தச்சர் முறைப்பார். விடையை 25 மி.மீ.-ஆல் வகுத்து, ரவுண்டப் ஃபங்ஷனுக்குள் கொடுத்து, மறுபடி 25 மி.மீ.-ஆல் பெருக்கினால் 750 கிடைக்கும். முதலில் வகுக்காமல் விட்டால் யூனிட் பொருந்தவில்லை என்று ரெவிட் ஏற்க மறுக்கும், ரவுண்டப்புக்கு வெறும் எண்தான் வேண்டும்.

பிராஜெக்டில் வைக்கும்போது பிளேஸ் ஆன் ஃபேஸ் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேஸ் ஆன் வொர்க் பிளேனில் வைத்தால் துளை லெவலில் உட்காரும், ஸ்லாப்பை வெட்டாது. ஸ்லாப்பை அழித்துப் புதிதாக வரைந்தாலும் துளைகள் அந்தரத்தில் நிற்கும், பிக் நியூ வழியாகப் புது ஸ்லாப்பில் உட்கார வைக்க வேண்டும். கான்கிரீட் ஸ்லாப்பும் மேலே டைல்ஸ் ஃபினிஷும் தனித்தனி ஃப்ளோராக இருந்தால் ஒன்று மட்டுமே வெட்டுப்படும். ஃபேமிலியில் கட் வித் வாய்ட்ஸ் வென் லோடட் டிக் செய்திருந்தால் மற்றதை கட் கருவியால் வெட்டலாம்.

எங்கே துளை போட்டாலும் ரெவிட் வாய் திறக்காது. ஃபிளாட் ஸ்லாப்பில் (பீம் இல்லாமல் தூண்களே தாங்கும் ஸ்லாப்) இரண்டு காலம் ஸ்ட்ரிப்கள் (தூண் வரிசையை ஒட்டிய பட்டைகள்) சந்திக்கும் பகுதியில், தனி ஆய்வு இல்லாமல் ஸ்ட்ரிப் அகலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் துளை போகக்கூடாது என்கிறது இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456:2000. அதை எஞ்சினியர்தான் பார்க்க வேண்டும்.

ஸ்ட்ரக்சுரல் மாடல் லிங்க்காக (வேறு ஃபைலிலிருந்து இணைத்ததாக) வந்திருந்தால் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. லிங்க்கில் உள்ள ஸ்லாப்பின் முகத்தில் ஃபேமிலியை வைக்க ரெவிட் அனுமதிக்கும். பிளானில் குறுக்குக்கோடு அழகாகத் தெரியும், செட்யூலிலும் எண்ணிக்கை வரும். செக்‌ஷன் வெட்டிப் பார்த்தால் கான்கிரீட் முழுசாக இருக்கும். லிங்க்கில் இருப்பதை வாய்டு வெட்டாது. துளை எந்த ஃபைலில் ஸ்லாப் இருக்கிறதோ அந்த ஃபைலுக்குள் போயாக வேண்டும்.