சொட்டாத ஓட்டை: பழைய டேர்போ டீசல் வான் காலையில் அடம்பிடிப்பது ஏன்?

சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும், மூன்று நான்கு செக்கன் ஓடும், நின்றுவிடும். பிறகு பற்றரி களைக்கும்வரை சுற்றினால்தான் மறுபடி பிடிக்கும். மிட்சுபிஷி டெலிகாவின் 4டி56 போன்ற 90களின் டேர்போ டீசல் எஞ்சின்களில் இது பழகிப்போன முறைப்பாடு. உடனே, குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக்கைத்தான் மாற்றுவார்கள். ஆனால் திருகோணமலை விடியலில் குளிர் என்று சொல்ல எதுவும் இல்லை. கம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் வலு) நல்லபடி இருந்தால், ஒரு பிளக் செத்திருந்தாலும் எஞ்சின் நடுங்கியபடியே பிடித்துக்கொள்ளும்.

காசு செலவழிக்குமுன் ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற, இன்னொருவர் சைலன்சர் வாயைப் பார்க்கட்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குப் போகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், பம்ப் டைமிங் (பம்ப் டீசலை அனுப்பும் நேரம்), கம்பிரசன் என்று தேடலாம். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. அப்போது டீசல் பம்பிலுள்ள கட்-ஓஃப் சொலனொயிட்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு) 12 வோல்ட் வருகிறதா, சாவி போட்டதும் ‘டிக்’ என்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாய்ப் பக்கம் வரவேண்டும்.

இந்த வகை வான்களில் பெரும்பாலும் டீசல் தாங்கிக்குள் மின்பம்ப் கிடையாது. டீசல் பம்புக்குள் இருக்கும் சிறிய இறகுப் பம்ப்தான் பின்னாலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. அதனால் தாங்கிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஊசிமுனையளவு வெடிப்பு விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். இரவில் அந்தக் காற்று மேலேற, டீசல் மெல்லத் தாங்கிக்கே இறங்கிவிடும். உவர்மலை ஏற்றத்தில் மூக்கு மேலே இருக்க நிறுத்தினால் தொல்லை கூடி, மூக்கு கீழே இருக்க நிறுத்தினால் குறைகிறதா? காற்றுதான் காரணம் என்று கிட்டத்தட்ட முடிவுகட்டலாம்.

உறுதிப்படுத்த, பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு அடி நீளத் தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பொருத்துங்கள். ஸ்டார்ட் ஆன கையோடு ஓரிரு குமிழி வந்தால் பரவாயில்லை. ஓடும்போதும் சரம்சரமாக வந்தால் ஓட்டை உண்டு. (டீசலில் அந்தக் குழாய் விறைத்து வெடிக்கும்; சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.) அடுத்து, 5 லீற்றர் கானில் சுத்தமான டீசல் ஊற்றி, பில்டருக்கு வரும் ஹோஸையும், மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதற்குள் விட்டு ஓட்டுங்கள். குமிழி நின்றுவிட்டால் குறை பில்டருக்குப் பின்னால், தாங்கிப் பக்கம். நிற்கவில்லையென்றால் கானைப் பம்பைவிட உயரத்தில் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். இப்போது குழாயில் உள்ளிருந்து வெளியே அழுத்தம். அதுவரை காற்றை இழுத்த இடம் டீசலால் வியர்க்கும். கைப்பம்பின் றப்பர், பில்டரின் அடியிலுள்ள தண்ணீர் சென்சரின் ஓ-ரிங், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நொசில்களுக்கு இடையிலுள்ள துணி சுற்றிய மெல்லிய ஹோஸ்கள்: பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வான்களுக்கு இன்னொன்றும் உண்டு. சேசியில் (வானின் அடிச்சட்டம்) இரும்புக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் உப்பும் சேறும் தங்கி அரித்திருக்கும். கிளிப்பைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

மாரி மழைக்காலத்தில் பில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் பிரிந்து நிற்கும். இந்தப் பம்புக்கு டீசல்தான் ஒயில், தண்ணீர் போனால் உள்ளே உராய்ந்து தேயும்.

ஸ்டார்ட் நன்றாக இருந்து, கந்தளாய் வீதியில் மிதித்தும் இழுக்காவிட்டால் அது வேறு கதை. கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்றுப் பஞ்சம்: அடைத்த எயார் பில்டர், அல்லது காற்றை அழுத்தித் தள்ளும் டேர்போவிலிருந்து, அதைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் மனிபோல்ட்வரையுள்ள ஹோஸில் வெடிப்பு. புகையில்லாமல் குறைந்தால் டீசல் பஞ்சம். தாங்கி மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். சரியானால் தாங்கிக்குள் காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. மனிபோல்ட்டிலிருந்து பம்பின் தலைக்குப் போகும் விரல் தடிப்புக்கூட இல்லாத ஹோஸையும் தடவிப் பாருங்கள். டேர்போ அழுத்தம் ஏறியதைப் பம்புக்குச் சொல்வது அதுதான். அது கிழிந்தால் டேர்போ நன்றாகச் சுற்றினாலும் பம்ப் கூடுதல் டீசல் விடாது. மலிவுச் சாமான் என்று அதை யாரும் பார்ப்பதில்லை; டேர்போவைக் கழற்றிவிடுவார்கள்.

பம்பைக் கழற்றுவது கடைசி வேலை. கழற்றினால் ‘அவுட்’ என்று பொறித்த ரிட்டர்ன் போல்ட்டைத் தனியே வையுங்கள். அதில் மிக நுண்ணிய துளை உண்டு, பம்பின் உள்ளழுத்தத்தைக் காப்பது அதுதான். டீசல் வரும் பக்கத்துப் போல்ட்டோடு மாறிப் பூட்டினால், புதிய பம்ப் போட்டாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது.