ஃப்ரிட்ஜுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும்

கத்திரி வெயில் தொடங்கியதும், "கேஸ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது சார், பால் திரிந்துபோகிறது" என்று அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். சமையல் சிலிண்டர் போல ஃப்ரிட்ஜின் கேஸ் தீர்வதில்லை. குழாயில் கசிவு இல்லாதவரை அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும். எனவே நான் முதலில் கேட்பது, ஃப்ரிட்ஜை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான்.

உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. பழைய மாடல்களில் பின்னால் கறுப்புக் கம்பி வலை தெரியும். வெப்பம் அதன் வழியாக வெளியேறும். இப்போதைய பல மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய் பக்கவாட்டுத் தகட்டின் உட்புறம் ஒட்டி ஓடுகிறது. தொட்டால் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது பழுதல்ல. ஆனால் அந்தத் தகட்டின்மேல்தான் நம் வீடுகளில் பைகள் தொங்கும் மேல்விரிப்பைப் போர்த்துகிறார்கள்! பைகளுக்குள் மாத்திரை அட்டை, சீப்பு, கரண்ட் பில், மடித்த பிளாஸ்டிக் கவர்கள். அவற்றைத் தூக்கிவிட்டுத் தகட்டில் கை வைத்தால் வைத்த வேகத்தில் எடுத்துவிடுவீர்கள்.

சுற்றியுள்ள காற்றைவிடக் குழாய் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். இடுக்கில் தேங்கிய காற்றே கொதித்தால் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடும், கரண்ட் பில் எகிறும். சூடு எல்லை மீறினால் கம்ப்ரசரைக் காக்கும் ஓவர்லோடு சுவிட்ச் 'டிக்' என்று இணைப்பைத் துண்டிக்கும். ஆறியதும் மீண்டும் ஓடும், மீண்டும் 'டிக்'. விவர அட்டையில் கிளைமேட் கிளாஸ் 'எஸ்டி' (ST) என்றிருந்தால் 38 டிகிரி வரையும், 'டி' (T) என்றிருந்தால் 43 டிகிரி வரையும் தாங்கும். அது வானிலை அறிக்கை சொல்லும் வெப்பமல்ல, ஃப்ரிட்ஜைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பம்.

எவ்வளவு இடைவெளி என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அது தொலைந்துபோயிருந்தால் பின்னால் 4 அங்குலம், பக்கங்களில் 2 அங்குலம், மேலே 1 அடி விடச் சொல்வேன்.

என்னை அதிகம் சோதிப்பது மாடுலர் கிச்சன். ஃப்ரிட்ஜின் அகலத்தை அளந்து, அதே அளவுக்கு அச்சாக அலமாரி அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு அழகு, கம்ப்ரசருக்கு எமன். ஏற்கெனவே அடித்தாகிவிட்டதென்றால் பின்பலகையை எடுத்துவிட்டு, மேல்பலகையில் பின்பக்கமாக ஒரு திறப்பு வெட்டச் சொல்லுங்கள். சூடான காற்று மேலேதான் ஏறும். ஃப்ரிட்ஜை மறைக்க வெளியே தனிக் கதவும் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.