பருப்பு வேகும் தண்ணீரும் பல்லில் விழும் கறையும்

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருந்தார்: "ஒகேனக்கல் தண்ணீர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் வறட்சி வந்தால் ஃபுளோரைடு கூடும் என்கிறார்களே, வெயிலுக்கும் பிள்ளைகளின் பல்லுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. ஒன்று பாறைக்குள், இன்னொன்று நம் உடம்புக்குள். பருவநிலை மாற்றமும் பொதுச் சுகாதாரமும் என்று பேச ஆரம்பித்தாலே டெங்கு, வெப்ப அலை என்று போய்விடுகிறோம். அவை எல்லா ஊருக்கும் பொது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் சொந்தமான தலைவலி இதுதான்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்லின் எனாமலும் எலும்பும் அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகத்தால் ஆனவை. அதில் ஹைட்ராக்சைடு உட்கார வேண்டிய இடத்தில், கிட்டத்தட்ட அதே பருமனுள்ள ஃபுளோரைடு உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் உட்கார்ந்தால் பல்லுக்கு நல்லது. எட்டு வயதுக்குள், பல் உருவாகும் பருவத்தில் அளவு மீறினால் எனாமல் சரியாக முற்றாது. சுண்ணாம்பு வெள்ளையாகத் திட்டுகள் விழும், பிறகு அவை பழுப்பேறும். வளர்ந்தவர்களுக்குப் பல்லில் புதுக் கறை வராது. எலும்பில் சேரும், வருஷக்கணக்கில் மூட்டு இறுகும். 1937-லேயே ஷார்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த நோயைப் பதிவு செய்துவிட்டார்கள். அதன் பிறகும் இதைக் குடும்ப சாபம் என்று நம்பி, பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனதுண்டு. சாபம் குடும்பத்தில் இல்லை, கிணற்றில் இருந்தது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. ஃபுளோரைடு தண்ணீருக்குள் எப்படி வருகிறது?

நம் பகுதியின் அடித்தளம் கிரானைட், நைஸ் வகைப் பாறைகள். பாறையில் கருமையாக மின்னும் பயோடைட் என்ற அபிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட் ஆகிய கனிமங்களில் ஃபுளோரைடு ஒளிந்திருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிரிகளும் விட்ட கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறையின் வெடிப்புகளில் நின்று, மெல்ல அரித்து, கால்சியம், சோடியம், பைகார்பனேட், ஃபுளோரைடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறது.

ஆனால் கால்சியமும் ஃபுளோரைடும் ஒரே தண்ணீரில் இஷ்டத்துக்குக் கூட முடியாது. இரண்டும் ஓர் அளவைத் தாண்டினால் கால்சியம் ஃபுளோரைடாகச் சேர்ந்து கீழே படிந்துவிடும். கால்சியத்தின் அளவை ஃபுளோரைடு அளவின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பிளஸ் டூ வேதியியலில் கரைதிறன் பெருக்கம் என்று படித்துவிட்டு மறந்திருப்போமே, அதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 160 மி.கி. கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு ஏறக்குறைய 1.5 மி.கி.க்கு மேல் ஏற முடியாது. கால்சியம் 40 ஆகக் குறைந்தால் வரம்பு 3. கால்சியம் 10 என்றால் 6. ஆக, நீரில் கால்சியம் இருக்கிற வரைக்கும் ஃபுளோரைடு அடங்கிக் கிடக்கும்.

அந்தக் கால்சியத்தைத்தான் வெயில் தட்டிப் பறிக்கிறது. தண்ணீர் ஆவியாகி அடர்த்தியாகும்போது முதலில் படிவது கால்சியம் கார்பனேட். கேட்டிலின் அடியிலும் வெந்நீர் அண்டாவின் உட்புறத்திலும் வெள்ளையாக ஒட்டுவது அதுதான். நிலத்திலும் இதே சங்கதிதான். மானாவாரிக் காட்டில் பள்ளம் தோண்டினால் இரண்டு மூன்று அடியிலேயே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வரும், நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டும், எலுமிச்சைச் சாறு விட்டால் பொங்கும். நம் ஆட்கள் சுக்காங்கல் என்று சொல்லி வரப்போரம் வீசிவிடுவார்கள். அடுத்த முறை வீசும் முன் கையில் வைத்து ஒரு நிமிஷம் பாருங்கள். தண்ணீரைவிட்டுப் பிரிந்துபோன கால்சியம் அது. மிச்சத் தண்ணீர் ஃபுளோரைடைத் தாராளமாகத் தாங்கத் தயாராகிவிட்டது. போதாததற்கு, களிமண் வேறு கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது.

இதில் ஒரு குரூரமான வேடிக்கை உண்டு. நல்ல தண்ணீர் என்பதற்கு நம் வீடுகளில் என்ன சோதனை? பருப்பு வேகணும், சோப்பு நுரைக்கணும். இரண்டுமே கால்சியம் குறைந்த தண்ணீரின் அடையாளங்கள். "எங்க போர் தண்ணி தேன் மாதிரி, பருப்பு மலர்ந்து வேகும்" என்று பெருமையாகச் சொல்கிற தண்ணீரிலும் ஃபுளோரைடு நிறைய இருக்கலாம். நிறம், மணம், ருசி எதிலும் அது காட்டிக்கொடுக்காது.

இங்கேதான் பருவநிலை மாற்றம் நுழைகிறது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். மண்ணிலிருந்து உறிஞ்சும் தாகமும் அதற்கு அதிகம், கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுவதும் அதிகம். வாரக்கணக்கில் பெய்ய வேண்டிய மழை இரண்டு நாளில் கொட்டினால் ஓடையோடு போய்விடும், பாறைக்குள் இறங்காது. நீர்மட்டம் இறங்க, போர் ஆயிரம் அடியைத் தொடுகிறது. அவ்வளவு ஆழத்தில் கிடைப்பது பெரும்பாலும் நெடுங்காலம் பாறையோடு குடும்பம் நடத்திய பழைய தண்ணீர். போர் போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். தேங்காய் எழுந்து நிற்பதைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் கீழே இருக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு எத்தனை மில்லிகிராம் என்று சொன்ன தேங்காய் இதுவரை காய்க்கவில்லை.

இனி உடம்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மி.கி. நம் இந்தியத் தரநிலையில் 1 மி.கி., வேறு வழியில்லாவிட்டால் 1.5. தினம் இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு 1.5 என்றால் 3 மி.கி. உள்ளே போகும். சித்திரை வெயிலில் கல் குவாரியிலோ மாந்தோப்பிலோ வேலை செய்கிறவர் ஐந்து லிட்டர் குடிப்பார். அதே "பாதுகாப்பான" தண்ணீரில் 7.5 மி.கி. எல்லா வழியிலும் சேர்த்து நாளுக்கு 6 மி.கி.யைத் தாண்டினாலே எலும்புக்கு ஆபத்து கூடலாம் என்று சொல்வதும் அதே நிறுவனம்தான். போதாக்குறைக்கு, வியர்த்துக் கொட்டுகிறவருக்குச் சிறுநீர் குறையும். ஃபுளோரைடு வெளியேறும் முக்கிய வாசல் அதுதான்.

இதை அமெரிக்கர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். 1957-ல் கலகன், வெர்மில்லியன் என்ற இருவர், அன்றாட உச்ச வெப்பநிலையை வைத்துக் குழந்தைகள் எவ்வளவு தண்ணீர் குடிப்பார்கள் என்று கணிக்க ஒரு சூத்திரம் தந்தார்கள். அதன்படி, பல்லுக்கு எவ்வளவு ஃபுளோரைடு போதும் என்பது ஊரின் வெயிலைப் பொறுத்தது. சராசரி உச்சம் 33 டிகிரி என்று வைத்தால் லிட்டருக்கு 0.65 மி.கி. அளவில் வருகிறது. 1962-ல் அங்கே குளிர்ப் பகுதிக்கு 1.2, வெப்பப் பகுதிக்கு 0.7 என்று தனித்தனியாகப் பரிந்துரைத்தார்கள். 2015-ல் அதை விட்டுவிட்டு எல்லோருக்கும் 0.7 என்றார்கள். இப்போதெல்லாம் வெயிலுக்கேற்ப அங்குள்ள பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் மாறுவதாகத் தெரியவில்லை என்பது ஒரு காரணம். ஏசி வந்துவிட்டது. நம் தகரக் கூரை வீடுகளுக்கு வரவில்லை. உள்ளூர் வெப்பத்தையும் குடிக்கும் அளவையும் பார்த்து வரம்பு வையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியும், சென்னைக்கும் சிம்லாவுக்கும் ஒரே எண்ணை வைத்திருக்கிறோம்.

நேர்மைக்காக ஒன்று: அந்தச் சூத்திரப்படி ஒரு டிகிரிக்குத் தண்ணீர் இரண்டு சதவீதம்தான் கூடும். நிழலில் இருக்கிற பிள்ளைக்கு அது அற்பம். வெளியில் உழைக்கிறவர் கணக்கு வேறு, அதைத்தான் யாரும் அளப்பதில்லை.

ஜப்பான் கடனுதவியோடு 2013-ல் திறக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பெரிய காரியம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதுவும் காவிரியை நம்பியது. 2024 கோடையில் அங்கே நீர்வரத்து சில நூறு கன அடியாகச் சுருங்கியது. குழாய் வராத நாளில் மக்கள் போகிற இடம் பழைய போர்தான். மேல்நிலைத் தொட்டியில் இரண்டையும் கலந்து விடும் ஊர்களும் உண்டு. குழாய்க்குக் கோடிகள் கிடைக்கிற நாட்டில், அந்தத் தொட்டித் தண்ணீரை மாதாமாதம் அளக்கும் கருவிக்கும் அளக்கிற ஆளின் சம்பளத்துக்கும் காசு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். ஐப்பசி மழையில் ஒருமுறை பரிசோதித்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று எழுதினால், மே மாதத்தில் என்ன குடித்தோம் என்பது தெரியாமலே போகும்.

கடைசியாகச் சாப்பாடு, ஏனென்றால் அடுத்த கேள்வி அதுதான் வரும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 340 மி.கி. கால்சியம் உண்டு. குடலில் கால்சியம் இருந்தால் ஃபுளோரைடு உள்ளே ஏறுவது குறையும், எனவே களியைக் கைவிட வேண்டாம். களி கிண்டுவது எந்தத் தண்ணீரில் என்பதை மட்டும் பாருங்கள். புளிக்கும் ஒரு செய்தி இருக்கிறது: ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் பள்ளிச் சிறுவர்களுக்குப் புளி கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் வெளியேறும் ஃபுளோரைடு கூடியது. 2002-ல் வந்த சிறிய ஆய்வு. அதை வைத்துப் புளியை மருந்தாக்கிவிட வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சுவது கிருமிக்குத்தான் சரி. ஃபுளோரைடு ஆவியாகாது, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் சுண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் சரியான அளவில் போட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை வேலை செய்யும், ஆனால் அளவு தெரியாமல் செய்தால் அலுமினியத்தைக் குடிப்போம். முதலில் உங்கள் போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, மாவட்டக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். மே மாதத்தில்.