றோட்டுக்குள்ள தாழுற சுமைதாங்கியள்

யாழ்ப்பாணத்தில பொது இடங்களுக்கு டிசைன் செய்யிறதுதான் என்ர வேலை. சந்தியோ குளக்கரையோ, எதை அழகுபடுத்தினாலும் இப்ப வாறது ஒண்டுதான், இன்டர்லொக் கல்லு, எல்ஈடி லைட், ஸ்டீல் வாங்கில், கடைசியா ஊர்ப் பேர் போட்ட பெரிய போர்ட். இதைத்தான் 'பிளேஸ்மேக்கிங்' எண்டு ரிப்போர்ட்டில எழுதுறம்.

றோட்டு அகலிக்கிற வேலை ஒண்டுக்குப் போன இடத்தில, ஒழுங்கை முகப்பில நிண்ட கல்லை நான் பிளானில 'இடைஞ்சல்' எண்டு குறிச்சிட்டன். அது சுமைதாங்கி. ரெண்டு கல்லு நட்டு மேல குறுக்க ஒண்டு, வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொம்பிளையளின்ர நினைவா எங்கட சனம் முந்தி வைச்சது, அவள் இறக்காத சுமைக்காக வழியில போறவையின்ர சுமை இறங்கட்டும் எண்டு.

சைக்கிளில வந்த ஒரு அப்பு இறங்கி அதுக்குப் பக்கத்தில நிண்டார். "தம்பி, உது முந்தி என்ர தோள் மட்டம். குனியத் தேவையில்லை, ஆரையும் கூப்பிடத் தேவையில்லை, தலைச்சுமையை அப்படியே சரிச்சு வைக்கலாம்." இப்ப அவற்ற இடுப்புக்கும் காணாது. கல்லு தாழேல்லை, பழைய தாரைக் கிளறாமல் மேல மேல போட்டு றோட்டுத்தான் உயர்ந்துபோச்சு.

பிறகு வாய்க்காலைக் கொஞ்சம் வளைச்சு, கல்லைச் சுத்திப் பழைய அடிமட்டம் தெரியுமட்டும் தோண்டி, மாரித்தண்ணி தேங்காமல் ஒரு குழாயும் வைச்சம். பக்கத்து வேம்பைத் தறிக்கேல்லை. பெரிய செலவே இல்லை, கேட்டதுதான் பெரிய வேலை, அப்பு வராட்டி அது உடைஞ்சிருக்கும்.

பருத்தித்துறைத் தெருமூடி மடத்தைப் பாருங்கோ, றோட்டு நடுவால போகுது, ரெண்டு பக்கமும் திண்ணை, மேல கூரை. வெயிலுக்கு ஒதுங்க, சுமையோட வந்தவை இருக்க எண்டே கட்டினது. மாடு உரசிறதுக்கு ஆவுரோஞ்சிக்கல், அது குடிக்கத் தொட்டி, வழிப்போக்கர் ஒதுங்க வீட்டு வாசலில கூரை போட்ட சங்கடப் படலை, எல்லாம் ஆரோ ஒருத்தற்ற களைப்பை நினைச்சுச் செய்தது. இதுகளை இடிச்சுப்போட்டு அதே இடத்தில பனைமரச் சிலை வைச்சா அது எங்கட மரபு இல்லை.

உங்கட ஒழுங்கையில றோட்டு அளக்க வந்தா, எஸ்டிமேட் போக முதலே கல்லு, மடம், கேணி எல்லாத்தையும் படம் எடுத்து, நில மட்டத்தில இருந்து உயரமும் அளந்து பிரதேச சபைக்கு எழுத்தில குடுங்கோ. ஆற்ற நினைவா வைச்சதெண்டு வீட்டுப் பெரியாக்களிட்டக் கேட்டு அதையும் எழுதுங்கோ.