‘அந்த வியாதி’ என்று சொல்லும் வீடுகள்

நியூயார்க்கின் ப்ரூக்ளினில் மரபணு ஆலோசகராக இருக்கிறேன். யார் வந்தாலும் முதலில் பென்சிலால் குடும்ப மரம் வரைவேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. ஒருநாள் அப்படி ஒரு வட்டத்தில் கோடு போட்டுவிட்டு, “இந்த அத்தை எதனால் இறந்தார்?” என்று கேட்டேன். எதிரே இருந்தவருக்கு 38 வயது, பழைய மத வழக்கங்களைக் கறாராகப் பின்பற்றும் ஹசிதிய யூதக் குடும்பம். “வயிற்றில் ஏதோ” என்றார். மூன்றாம் முறை வந்தபோதுதான், குரலைத் தாழ்த்தி, “யெனெ மாக்லெ” என்றார். அவர்கள் வீட்டில் பேசும் யிட்டிஷ் மொழியில் ‘அந்த வியாதி’ என்று அர்த்தம். புற்றுநோய் என்ற சொல்லை வாயில் எடுக்கவே பலர் தயங்குவார்கள். அத்தைக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய். (ஆள் தெரியாமலிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மறைப்பதற்குக் காரணம் கல்யாணம்தான். வரன் பார்ப்பதை ‘ஷிதுக்’ என்பார்கள். தரகர் விசாரிக்கும்போது நோய்ப் பேச்சு அடிபட்டால், ஒரு பெண்ணுக்கு மட்டுமல்ல, தங்கைகளுக்கும் வரன் தட்டிப்போகும். குலப்பெருமைக்கு ‘யிகுஸ்’ என்று தனிச் சொல்லே உண்டு.

இந்த வெட்கத்தோடு மல்லுக்கட்டாமல், அதை அனுசரித்தே காரியம் சாதித்தவர் ராபி (யூத மதகுரு) யோசஃப் எக்ஸ்டீன். டே-சாக்ஸ் என்ற பரம்பரை நரம்பு நோய்க்கு நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். இந்த நோயுள்ள குழந்தைகள் ஆறு மாதம் வரை நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் பார்வை போகும், கை கால் தளரும். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அஷ்கெனாசி யூதர்களில் (ஐரோப்பிய வழி வந்த யூதர்கள்) ஏறக்குறைய 30 பேரில் ஒருவர் இந்த மரபணுக் கோளாறைச் சுமக்கிறார். சுமப்பவருக்கு ஒன்றும் ஆகாது. அப்படிப்பட்ட இருவர் மணந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத ஆபத்து.

1983இல் அவர் தொடங்கிய ‘தோர் யெஷோரிம்’ அமைப்பு, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே ரத்தம் எடுத்து ஆளுக்கொரு எண் கொடுக்கிறது. முடிவைச் சொல்வதில்லை. வரன் அமையும்போது இரண்டு எண்களையும் சொன்னால், பொருத்தம் உண்டா இல்லையா என்று பதில் வரும். ஜாதகப் பொருத்தம் மாதிரிதான், ஆனால் இதில் அறிவியல் இருக்கிறது. தான் சுமப்பவர் என்பது அவருக்கே தெரியாதபோது அவமானம் எங்கிருந்து வரும்? இன்று அந்தச் சமூகத்தில் டே-சாக்ஸ் மிக அரிது.

சரி, இதே வழி என்னிடம் வந்தவருக்கு உதவுமா? உதவாது. அவருக்கு இருந்தது, மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் வழிவிடும் பிஆர்சிஏ-1 மரபணுக் கோளாறு. பிஆர்சிஏ கோளாறுகள் அஷ்கெனாசிகளில் 40 பேரில் ஒருவருக்கு உண்டு. இங்கே இருவர் சேர வேண்டியதில்லை, சுமப்பவருக்கே ஆபத்து. பிஆர்சிஏ-1 உள்ள பெண்ணுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல். ஆளுக்கே தெரியாத ரகசியம் டே-சாக்ஸில் குழந்தையைக் காப்பாற்றும், இதில் தாயைக் கொன்றுவிடும்.

“அப்பா வழிதானே, எனக்கு எப்படி வரும்?” என்று அவர் கேட்டார். பலரும் கேட்பது இதுதான். தகப்பனிடமிருந்தும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வரும். நோய் வராத அப்பாக்கள் வழியாகத்தான் இது பல குடும்பங்களில் கண்ணில் படாமல் இறங்குகிறது.

2008இல் அமெரிக்காவில் வந்த சட்டம், மரபணு முடிவைக் காட்டி வேலை தர மறுப்பதையும் மருத்துவக் காப்பீடு மறுப்பதையும் தடுக்கிறது. கல்யாணத் தரகரை எந்தச் சட்டமும் தடுக்காது. அதனால் நான் அந்த வீட்டு வழக்கத்துக்குள்ளேயே வழி தேடுகிறேன். அவர் சம்மதித்தால் அவருடைய ராபியிடம் பேசுவேன். உயிர் காக்க ஓய்வுநாள் விதியையே மீறலாம் என்பது யூத மதச் சட்டம், அதனால் பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பார்கள். அப்புறம், உறவினர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தருவேன். மரபணு மாற்றத்தின் விவரம் மட்டும் இருக்கும், யார் பெயரும் இருக்காது.

இவருடைய அப்பா, கடைக்குட்டி கல்யாணம் முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றுவிட்டார். அவளுக்கு 17 வயது. ஆனால் நடுவில் உள்ள நான்கு தங்கைகளும் 25ஐத் தாண்டியவர்கள், இந்தக் கோளாறு இருந்தால் மார்பக எம்ஆர்ஐ பரிசோதனையை ஆரம்பித்திருக்க வேண்டியவர்கள்.

என்னிடம் வந்தவர் அந்தக் கடிதத்தில் நான்கு பிரதி கேட்டார். வெள்ளைக் கவரில், மருத்துவமனைப் பெயர் இல்லாமல்.