புகையாய்ப் போகும் விறகு

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் முகப்பு, வளவு எல்லாம் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால்தான் அடுப்படி. வெயில் கொளுத்தும் ஊரில் அடுப்புச் சூடு வீட்டுக்குள் வந்தால் யார் தாங்குவது? பனி கொட்டும் நாடுகளில் கதையே வேறு. அங்கே பழைய வார்ப்பிரும்பு விறகடுப்பைக் கூடத்திலேயே வைப்பார்கள், அந்தச் சூட்டுக்காகத்தான் அடுப்பே. ஆனால் இரண்டுக்குள்ளும் தீ வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

எரியும் விறகைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பல இடங்களில் சுடர் கட்டையை ஒட்டி இருக்காது, சற்றுத் தள்ளி மேலே எரியும். காரணம், சுடராக எரிவது கட்டை இல்லை, அதிலிருந்து வரும் வாயு. 250, 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் மரம் சிதைந்து வாயுவும் தார் ஆவியும் கக்க ஆரம்பிக்கும். காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இப்படித்தான் வெளியேறும். மிஞ்சுவது கரி, அது சுடரில்லாமல் கனன்று எரியும்.

இந்த வாயு முழுசாக எரிய நல்ல காற்றும் சுமார் 600 டிகிரி சூடும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது எரியாமலே போய்விடும். அதுதான் புகை. ஊதுகுழலால் ஊதியதும் குப்பென்று பற்றுகிறதே, அதுவரை கண்ணைக் கரித்த அதே புகைதான் அப்போது எரிபொருளாகிறது. கொடியடுப்பு வைத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முதல் பானைக்கு அடியில் மிஞ்சிய சுடரும் சூடும் பக்கத்துத் துளை வழியாகப் போய் இரண்டாவது பானையைச் சுட வைக்கும். கூடுதல் விறகே வேண்டாம்.

சரி, பச்சை விறகு ஏன் இந்தப் பாடு படுத்துகிறது? வெட்டு முனையில் நுரை தள்ளிச் சீறும், எரியவே எரியாது. புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். அப்படிப்பட்ட ஒரு கிலோவில் கட்டை அரைக் கிலோதான், அது தருவது ஏறக்குறைய 9 மெகாஜூல். தண்ணீரை ஆவியாக்க அதில் 1.3 மெகாஜூல் போகும். கணக்குக்கு இது சின்ன இழப்புதான். பெரிய இழப்பு வேறு இடத்தில்: ஆவி தீயின் சூட்டைக் கீழே இழுத்துவிடுவதால் வாயு பற்றாமல் புகையாகிறது. சீமைக்கருவேலத்தைப் பிளந்து ஒரு கோடை முழுக்கக் காயவைப்பதன் பலன் இதுதான்.

வார்ப்பிரும்பு அடுப்பில் கரிக்குக் கீழிருந்தும், நல்ல அமைப்பாக இருந்தால் வாயுவுக்கு மேலிருந்தும் காற்று போகும். இரும்பு சூடேறி அறைக்குள் வெப்பத்தை வீசும். விடிய விடிய எரியட்டும் என்று காற்றை அடைத்தால்தான் ஆபத்து. எரியாத தார் ஆவி புகைபோக்கியின் உட்சுவரில் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கும். அதனால் புகைபோக்கியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊர் அடுப்படியில் பல இடங்களில் அந்தப் புகைபோக்கியே இல்லை. புகையிலுள்ள நுண்துகள் சமைப்பவர் நுரையீரலின் ஆழம்வரை போகிறது. விறகு எவ்வளவு காய்ந்திருந்தாலும் கொஞ்சம் புகை வந்தே தீரும். விறகில்தான் சமையல் என்றால், அடுப்புக்கு மேல் கூரையைத் தாண்டி ஒரு புகைபோக்கி வைத்தே ஆக வேண்டும்.